நகந்தானே என்று விட்ட விரல்

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலைக்குப் போகும் ஒருவர், 9 வயது மகனை அழைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் என்னிடம் வந்தார். பந்து பிடிக்கப்போய் நடுவிரல் நுனியில் அடிபட்டு 12 நாள். நகத்தடியில் சீழ். "நகந்தானே சார், விழுந்தா மொளச்சுக்கும்னு மஞ்சப் பத்து போட்டோம்" என்றார்.

பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில், நுனி எலும்பின் வளர்ச்சித் தட்டு முறிந்திருந்தது. பிள்ளைகளின் விரல் எலும்புகளில், அடிப்பக்கத்தில் இருக்கும் மெல்லிய குருத்தெலும்புத் தகடு அது. விரல் நீள்வதே அங்கிருந்துதான். மூட்டைக் கட்டியிருக்கும் தசைநாரைவிட அது வலுக் குறைந்தது. அதனால் பெரியவர்களுக்குச் சுளுக்காகும் அடி, பிள்ளைகளுக்குத் தட்டையே முறித்துவிடும்.

இவனுக்கு வந்ததைச் சீமோர் முறிவு என்போம். நகத்தின் அடி தோல்மடிப்பை விட்டு வெளியே வந்து, பக்கத்து நகங்களைவிட நீளமாகத் தெரியும். அடியில் ரத்தம் கசியும். கிழிந்த நகப்படுகை முறிவுக்குள் சிக்கிக்கொள்ளும். வெளியே சின்னக் காயம், ஆனால் அது எலும்புவரை போகிறது. கதவிடுக்கில் நசுங்கிய விரலுக்கும் இது வரும். அன்றே வந்திருந்தால் கழுவி, சிக்கிய சதையை விடுவித்து, நிமிர்த்தி, ஆன்டிபயாடிக் கொடுத்திருப்போம்.

இன்னொன்று, விரலை மடக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு விரல் மட்டும் பக்கத்து விரல்மேல் ஏறினால் எலும்பு திருகியிருக்கிறது. சிறு வளைவு பல சமயம் வளர வளரச் சரியாகும், திருகல் ஆகாது. பிள்ளைகளின் விரல் 3 வாரத்தில் கூடிவிடுவதால் முதல் வாரத்துக்குள் வர வேண்டும். நாள் கடந்து இழுத்து நிமிர்த்தினால் தட்டுக்கே சேதம்.

மூட்டு நழுவினாலும் இழுக்காதீர்கள், நீவாதீர்கள். விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டு நழுவியிருந்தால், இழுப்பதில் உள்ளிருக்கும் திசு இடையில் சிக்கி மூட்டு பூட்டிக்கொள்ளும். உள்ளங்கைத் தோல் குழிந்திருப்பது, திசு ஏற்கெனவே சிக்கியிருப்பதன் அடையாளம். பிறகு அறுவை சிகிச்சைதான். எக்ஸ்ரே பார்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, மெதுவாகச் சேர்க்க வேண்டிய வேலை இது. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி, விரல் கறுத்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், மனசு ஆறாது.

மோதிரத்தை உடனே கழற்றுங்கள். துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள், கையை உயர்த்திப் பிடியுங்கள், விரல் எப்படி இருக்கிறதோ அப்படியே அட்டை வைத்துத் தளர்வாகக் கட்டி அழைத்து வாருங்கள்.

அந்தப் பையனுக்குச் சீழ் ஆறிவிட்டது. நகம் மேடுபள்ளமாக முளைத்திருக்கிறது. விரல் மற்றவற்றோடு சேர்ந்து வளர்கிறதா என்று 6 மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.