மதர்போர்டு என்கிற தாய்ப்பலகை

மதர்போர்டில் இருக்கிற 'மதர்' யாருக்கு அம்மா? பலரிடம் கேட்டால், கணினியில் இருக்கிற எல்லாவற்றையும் அதுதானே தாங்குகிறது, அதனால்தான் தாய் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல் வந்த வழி வேறு. ஒரு பெரிய மின்சுற்றுப் பலகையில் சிறிய பலகைகளைச் செருகி வேலை செய்ய வைப்பது மின்னணுப் பொறியாளர்களுக்குப் பழைய பழக்கம். செருகப்படுகிற சின்னதுக்கு டாட்டர்போர்டு, அதாவது மகள் பலகை என்று பெயர். அதற்கு இடம் கொடுக்கிற பெரியது மதர்போர்டு. ஆக இரண்டும் ஜோடிச் சொற்கள், மகள் இல்லாமல் இங்கே அம்மா இல்லை. (மகன் பலகை ஏன் கிடையாது என்று கேட்காதீர்கள், கிடையாது, அவ்வளவுதான்.)

இது புரிய 1975-ல் வந்த ஆல்டேர் 8800 கணினியைப் பார்க்கலாம். அதில் இன்டெல் 8080 செயலி ஒரு தனி அட்டையில் இருந்தது, நினைவகம் இன்னொரு அட்டையில். அடியில் இருந்த பலகையில் 100 முனை கொண்ட செருகுவாய்களும், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் செப்புக் கோடுகளும் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. எஸ்-100 பஸ் என்று பிற்பாடு பெயர் வாங்கியது இந்த 100 முனை அமைப்புதான். அந்தக் காலத்து ஆர்வலர்கள் மதர்போர்டு என்று சொன்னது மூளையே இல்லாத இந்தப் பலகையை. கணக்குப் போடுவது, நினைவில் வைப்பது எல்லாம் மகள்கள் வேலை, அம்மா வெறும் வழி மட்டும் விட்டாள்.

வழி என்றதும் ஞாபகம் வருகிறது. பஸ், அதாவது பாகங்களுக்கு நடுவே தகவல் போய்வரும் பொது வழி, என்பதை நம் பாடநூல்களில் பாட்டை என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஆங்கிலச் சொல் 'எல்லோருக்கும்' என்று பொருள்படும் இலத்தீன் ஆம்னிபஸ்ஸிலிருந்து சுருங்கி வந்தது, ரோட்டில் ஓடும் பஸ்ஸும் அதே சொல்தான். தமிழில் அதை அப்படியே பேருந்து என்று போட்டிருந்தால் சிரிப்பாக ஆகியிருக்கும். வண்டியை விட்டுவிட்டு அது போகிற பாதையைப் பிடித்தார்கள், தரவுப் பாட்டை, முகவரிப் பாட்டை என்று. என் கணக்கில் கணினித் தமிழின் மிக நல்ல சொற்களில் இது ஒன்று, ஆனால் பரீட்சைத்தாளைத் தாண்டி வெளியே வரவே இல்லை.

சரி, மதர்போர்டுக்கு வருவோம். 1977-ல் வந்த ஆப்பிள் 2 கணினியில் செயலியும் நினைவகமும் அடிப்பலகைக்கே இறங்கி வந்துவிட்டன, கூடுதல் அட்டைகளுக்கு 8 செருகுவாய்கள் இருந்தன. 1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது 5 செருகுவாய்கள். திரையில் எழுத்து தெரியவேண்டுமா, அதற்கு ஒரு அட்டை. ஃபிளாப்பி டிரைவ் வேண்டுமா, அதற்கு இன்னொன்று. வேடிக்கை என்னவென்றால் ஐபிஎம் தன் கையேட்டில் மதர்போர்டு என்று எழுதவில்லை, சிஸ்டம் போர்டு என்றது, பின்னால் பிளேனர் என்றும் சொன்னது. ஆப்பிளுக்கு இன்றும் லாஜிக் போர்டுதான். ஜெர்மனியரும் சீனரும் முதன்மைப் பலகை என்ற பொருளில் தங்கள் மொழியில் சொல்கிறார்கள், பிரெஞ்சில் தாய் அட்டை. இத்தனை பேர் வேறு வேறு பெயர் வைத்தும் மக்கள் வாயில் நின்றது மதர்போர்டு.

அப்புறம் ஒவ்வொரு மகளாக அம்மாவுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தார்கள். ஒலி அட்டை, வலையமைப்பு அட்டை, வட்டுக் கட்டுப்பாட்டு அட்டை எல்லாம் இப்போது பலகையிலேயே சின்னச் சின்ன சில்லுகளாக இருக்கின்றன. சிலது செயலிக்குள்ளேயே போயின: நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியை ஏஎம்டி 2003-ல் அத்லான் 64 செயலிக்குள் கொண்டுபோனது, இன்டெல் 2008-ல் நெஹேலம் வரிசையில் அதையே செய்தது. இன்று ஒரு சாதாரண மேசைக் கணினியில் மகள் என்று சொல்லத்தக்கதாகத் தனியாக நிற்பது வரைகலை அட்டை மட்டும்தான், பல கணினிகளில் அதுவும் இல்லை. பெயர் மட்டும் மாறாமல் இருக்கிறது.

இப்போது தமிழ். தாய்ப்பலகை என்ற சொல் பாடநூல்களிலும் கலைச்சொல் பட்டியல்களிலும் நிலைத்துவிட்டது. நேரடி மொழிபெயர்ப்புதான், ஆனால் தமிழில் தாய் என்பது பெற்றவளை மட்டும் குறிக்கிற சொல் இல்லை என்பதால் ஒட்டாமல் நிற்கவில்லை. தாய்ப்பத்திரம் என்கிறோம், அது ஒரு சொத்துக்கு மூலமான ஆவணம். பதியன் எடுக்கிற செடி தாய்ச்செடி. கிளைகள் பிரிந்த பிறகும் முதலில் இருந்த அமைப்பைத் தாய்க்கழகம் என்போம். கூர்ந்து பார்த்தால் முதல் இரண்டிலும் இருப்பது 'இதிலிருந்து வந்தது' என்ற பொருள், மதர்போர்டில் அது கிடையாது, வரைகலை அட்டை ஒன்றும் பலகையிலிருந்து முளைப்பதில்லை. கிளைகள் வந்து ஒட்டிக்கொள்ளும் நடு இடம் என்கிற தாய்க்கழகத்துப் பொருள்தான் இங்கே பொருந்துகிறது. ஆகவே மூலப்பலகை என்று மாற்றினால் பொருள் கெடும். முதன்மைப்பலகை தப்பில்லை, ஆனால் சேய் என்கிற ஜோடி போய்விடும். ஆமாம், டாட்டர்போர்டுக்கு மகள் பலகை என்று எழுதுவதைவிட சேய்ப்பலகை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. தாயும் சேயும் என்பது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற ஜோடி, ஆணா பெண்ணா என்ற கேள்வியும் எழாது. அன்னைப்பலகை என்றால் ஏன் சரியாக வராது? அன்னை என்பது கும்பிட்டுக் கூப்பிடுகிற சொல். வகைப்படுத்தித் தொழில்நுட்பப் பெயர் வைக்கத் தாய்தான் சரி.

எழுத்துப்பிழை ஒன்று ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது, 'தாய்பலகை' என்று. நடுவில் ப் வரவேண்டும். தாய்ப்பால், தாய்ப்பாசம், தாய்க்கோழி எல்லாம் எப்படியோ அப்படியே இதுவும். தாய்மொழி, தாய்நாடு என்பவற்றில் வராததற்குக் காரணம் அடுத்து வருவது வல்லினம் இல்லை என்பது. மதர்போர்ட் என்று ட்-டில் நிறுத்துவதைவிட மதர்போர்டு என்று உகரம் சேர்த்து முடிப்பதுதான் தமிழ் நாக்குக்கு இயல்பு, தமிழ்ச் சொல் எதுவும் ட் என்று முடிவதில்லை.

பலகை என்றால் மரப்பலகைதானே, கண்ணாடி இழையையும் செம்பையும் அடுக்கடுக்காகச் சேர்த்துச் செய்ததைப் பலகை எனலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கரும்பலகை, பெயர்ப்பலகை, விசைப்பலகை என்று வந்த பிறகு பலகை மரத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது, தட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால் போதும். அட்டை என்பது கார்டுக்கு. செருகி எடுக்கக்கூடியது அட்டை, நிலையாகக் கிடப்பது பலகை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு குழப்பம் 'இன்ஸ்டால்'. மதர்போர்டை நிறுவுவது எப்படி என்று தலைப்பு வைக்கிறார்கள், எனக்கு அது சிலை திறப்பு விழா அழைப்பிதழ் படிப்பது மாதிரி இருக்கும். மென்பொருளை நிறுவுகிறோம், சரி. திருப்புளியை எடுத்துத் திருகை முடுக்கிச் செய்கிற வேலை பொருத்துவது. அதற்குப் பிறகு பயாஸில், அதாவது கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை நிரலில், போய்ச் செய்வது அமைப்பது. ஆங்கிலம் ஒரே சொல்லில் போட்டு அமுக்குவதைத் தமிழில் பிரித்துச் சொல்ல முடியும் என்றால் பிரித்தே சொல்லலாமே.

பொருத்துகிற வேலையில் பலகையை உடனே பெட்டிக்குள் வைத்துவிடக்கூடாது. வெளியே மேசைமேல் வைத்தே செயலி, நினைவகம், எம்.2 சேமிப்பகம் (பலகையிலேயே மாட்டும் மெல்லிய சேமிப்பு அட்டை) மூன்றையும் மாட்டிவிடுவது நல்லது, பெட்டிக்குள் போன பிறகு கை நுழையாது. தொடுவதற்கு முன் உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் போக உலோகப் பெட்டியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். செயலி உட்காருகிற இடம் சாக்கெட், அட்டை செருகுகிற இடம் ஸ்லாட். ஸ்லாட்டுக்குச் செருகுவாய் என்ற சொல் இருக்கிறது. சாக்கெட்டுக்குப் பொருத்துவாய் என்று வைத்துக்கொண்டால் வேறுபாடும் தெரியும், ஏனென்றால் செயலியை யாரும் செருகுவதில்லை, மெல்ல இறக்கி வைக்கிறோம். இப்போதைய எல்ஜிஏ வகையில் ஊசி போன்ற முனைகள் செயலியில் இல்லை, பலகையில் இருக்கின்றன. இன்டெல் 2004-லேயே மேசைக் கணினிகளில் எல்ஜிஏ 775 மூலம் இதற்கு மாறியது, ஏஎம்டி தன் சாதாரண மேசைச் செயலிகளுக்கு 2022-ல் ஏஎம்5 வந்தபோதுதான் மாறியது. செயலியின் மூலையில் இருக்கும் சின்ன முக்கோணத்தைப் பலகையில் இருக்கும் முக்கோணத்தோடு ஒத்துவைத்து இறக்கினால் போதும், அழுத்தவே வேண்டாம், நெம்புகோலை இறக்கும்போது அதுவே பிடித்துக்கொள்ளும். அந்த ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் பலகை போனமாதிரிதான். செயலிக்கு மேல் தெர்மல் பேஸ்ட் என்கிற வெப்பம் கடத்தும் பசையும் விசிறியும் வரும், அதை விரித்து எழுதத் தேவையில்லை.

ரேம், அதாவது நினைவக அட்டை, விஷயத்தில் கவனிக்கவேண்டியது இடம். நாலு செருகுவாய் இருந்து கையில் இரண்டு ரேம் இருந்தால், பெரும்பாலான பலகைகளில் செயலி பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடவேண்டும், அடுத்தடுத்துப் போட்டால் இரண்டு ரேமும் தனித்தனி வழியில் ஒரே நேரத்தில் வேலை செய்கிற இரட்டைத் தடத்தின் வேகம் கிடைக்காமல் போகலாம். டிடிஆர்4, டிடிஆர்5 என்கிற ரேம் வகைகள் இரண்டுக்கும் 288 முனைகள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், ஒன்றின் இடத்தில் இன்னொன்று போகாது. போகவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள், எந்த வகை என்று படித்துப் பாருங்கள்.

ஏடிஎக்ஸ் என்பது பலகையின் அளவையும் துளைகளின் இடத்தையும் சொல்கிற தரம், இன்டெல் 1995-ல் வெளியிட்டது. முழு ஏடிஎக்ஸ் 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் இரண்டு பக்கமும் 244, மினி ஐடிஎக்ஸ் 170. துளைகளின் இடம் தரப்படுத்தப்பட்டதால்தான் யாரோ செய்த பெட்டியில் வேறு யாரோ செய்த பலகை உட்காருகிறது. பெட்டியில் அந்தத் துளைகளுக்கு நேராக நிற்கிற பித்தளைக் குமிழ்களை ஸ்டாண்டாஃப் என்பார்கள். தமிழில் நிலைத்த சொல் இல்லை, பித்தளைத் தாங்கி என்றால் யாருக்கும் புரியும். பலகையில் துளை இல்லாத இடத்தில் ஒரு தாங்கி விட்டுப்போனால் அது பலகையின் பின்பக்கத்து ஈயப்பற்றுகளைத் தொட்டுக் குறுக்குச்சுற்று ஆகிவிடும், அதனால் பலகையை வைக்கும் முன் தாங்கிகளை எண்ணிப் பாருங்கள். பலகையின் இணைப்பு வாய்கள் வெளியே தெரிய ஓட்டை போட்ட பின்பக்கத் தகடு தனியாக வந்திருந்தால் அதையும் இப்போதே பெட்டியில் மாட்டிவிடுங்கள். எல்லாம் முடித்து நிமிர்ந்த பிறகு அந்தத் தகடு மேசைமேல் கிடப்பதைப் பார்ப்பது ரொம்பச் சாதாரணம், மறுபடி முழுவதையும் கழற்றவேண்டும்.

மின்சாரத்துக்கு இரண்டு இணைப்புகள்: 24 முனை கொண்ட பெரியது, செயலிக்குப் பக்கத்தில் 8 முனை கொண்டது. இரண்டாவதை மறந்தால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். வரைகலை அட்டைக்கும் 8 முனை வயர் உண்டு, பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே மின்னோட்டம் வருகிற வரிசை வேறு, மாற்றி மாட்டக்கூடாது. முன்பக்கப் பொத்தான் வயர்களை எப்படித் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும், சின்ன விளக்குகளின் வயர்களுக்கு மட்டும் நேர்முனை எதிர்முனை பார்க்கவேண்டும்.

முதன்முறை ஓடும்போது வருவது பயாஸ். 1970களில் கேரி கில்டால் தன் சிபி/எம் இயங்குதளத்துக்காக வைத்த பெயர் இது. இப்போது உள்ளே இருப்பது பெரும்பாலும் அதன் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ, வாய்தான் இன்னும் பயாஸ் என்கிறது. அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு அமைப்பு என்று விரித்து மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, எழுத்துச் சுருக்கங்களைப் பெயராகவே விட்டுவிடலாம். டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி உள்ளே போய், ரேமின் முழு அளவு தெரிகிறதா என்று பாருங்கள், பிறகு ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்றிருப்பதை இயக்குங்கள், இல்லாவிட்டால் அதிக வேக ரேம் வாங்கியும் அது அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பலகையில் காசு மாதிரி தெரிவது சிஆர்2032 மின்கலம், 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்று அளவு பெயரிலேயே இருக்கிறது. மின்சாரம் துண்டித்து மறுபடி போடும்போதெல்லாம் தேதி பின்னால் போனால் அதை மாற்றவேண்டும்.

கடைசியாக டிரைவர். திருகு முடுக்கினால் திருப்புளி, வண்டி ஓட்டினால் ஓட்டுநர், கணினிக்குள் பலகையின் பாகங்களை இயங்குதளத்தோடு பேசவைப்பது இயக்கி. விண்டோஸ் நிறுவி முடித்ததும் சில பலகைகளில் வைஃபையும் வேலை செய்யாது, கம்பி இணைப்பும் வேலை செய்யாது, இயக்கி இல்லாததால். இணையம் இருந்தால்தான் இயக்கியை இறக்க முடியும், இயக்கி இருந்தால்தான் இணையம் வரும். பலகை தயாரித்தவரின் தளத்திலிருந்து வலையமைப்பு இயக்கியை முன்கூட்டியே வேறு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.