கூம்பிய கண்ணுக்குத் தடித்த வில்லை

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நின்று, பாணந்துறையிலிருந்து வரும் 100ஆம் இலக்க பஸ்ஸைக் கெரட்டோகோனஸ் என்ற, கண்ணின் முன்படலம் கூம்பிப்போகும் நோய் உள்ள ஒருவர் பார்த்தால், அந்த எண்ணுக்குக் கீழே மங்கலாக இன்னொரு 100 தொங்கும். இரவில் வாகன விளக்குகளுக்கு வால் முளைக்கும். கண்ணாடியை எத்தனை தரம் மாற்றினாலும் இது முழுதாகத் தீராது.

கோளாறு கோர்னியாவில். கண்ணின் முன்பக்கம் உள்ள இந்த ஒளிபுகும் படலத்தின் தடிப்பு, நடுவில் அரை மில்லிமீற்றரை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் கண் ஒளியைக் குவிக்கும் வலுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதனுடையது. சிலருக்குப் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ இது மெலிந்து, பெரும்பாலும் நடுவுக்குச் சற்றுக் கீழே, கூம்பாகத் தள்ளத் தொடங்கும். ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பவர்களிடம் இதை அதிகம் காணலாம். மேற்பரப்பு சீராக வளைந்திருந்தால் கண்ணாடி போதும். இங்கே ஒவ்வொரு இடமும் ஒளியை ஒவ்வொரு பக்கம் திருப்புகிறது.

வழமையான தீர்வு, கண்மேல் நேரடியாகப் போடும் வன் வில்லை (hard contact lens). அது தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காது. அதற்கும் கூம்புக்கும் இடையிலுள்ள பள்ளங்களைக் கண்ணீர் நிரப்பும். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் முறிவுச் சுட்டி கண்ணீருக்கு 1.336, கோர்னியாவுக்கு 1.376. இரண்டும் இவ்வளவு கிட்ட இருப்பதால் கோர்னியாவின் மேடுபள்ளம் ஒளியைப் பெரிதாகக் குழப்பாது. பார்வை கூர்மையாகும், சரி. ஆனால் ஓட்டோவில் போகும்போது அந்தச் சிறிய வில்லைக்கு அடியில் ஒரு தூசு புகுந்தால் அன்றைய வேலை போச்சு.

அப்போ மென் வில்லை? 1961 நத்தார் காலத்தில் செக் நாட்டு வேதியியலாளர் ஒட்டோ விச்டர்லே, பிள்ளைகளின் பொருத்து விளையாட்டுத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டிலேயே இயந்திரம் செய்து வார்த்தெடுத்தது அது. கோர்னியா முழுவதையும் மூடுவதால் தூசுத் தொல்லை குறைவு. சிக்கல் அதன் மென்மையில்தான். மாங்காய்மேல் போட்ட ஈரத்துணிபோலக் கூம்பில் படிந்து, அதே கோணலைத் தன் முன்முகத்திலும் காட்டிவிடும்.

கெரட்டோகோனஸுக்கான மென் வில்லை இதற்காகவே தடிப்பாகச் செய்யப்படுகிறது. சாதாரண வில்லையின் நடுத்தடிப்பு 0.1 மில்லிமீற்றர் அளவு, இதில் 0.3 முதல் 0.6 வரை போகும். அந்தத் தடிப்பு முழுதாக வளைந்து கொடுக்காது. நடுப்பகுதி ஓரளவு விறைத்து நிற்க, அடியில் கண்ணீர் தேங்கும். மெல்லிய விளிம்பு வெண்விழியில் மெதுவாக உட்காரும். மிஞ்சும் குறையை வில்லையின் வலுவிலோ மேலே போடும் கண்ணாடியிலோ சரிசெய்யலாம்.

தடிப்புக்கு விலை உண்டு. கோர்னியாவில் இரத்தக்குழாய் இல்லை. அதற்கு வேண்டிய ஒட்சிசனில் பெரும்பகுதி வெளிக்காற்றிலிருந்தே வரவேண்டும். வில்லை தடித்தால் அது குறையும், கோர்னியா வீங்கும். நாட்பட்டால் ஓரத்திலிருந்து இரத்தக்குழாய்கள் உள்ளே ஊர்ந்து வரும். ஒட்சிசனை அதிகம் விடும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் வந்த பிறகுதான் இந்த வில்லைகளை நம்பிப் போட முடிந்தது என்பேன். அப்படியும் இரவில் கழற்றத்தான் வேண்டும்.

கூம்பு மிதமாக இருக்கும்வரை இது நன்றாக உதவும். மிகவும் கூர்ந்துவிட்டால் வன் வில்லையோ வெண்விழியில் தாங்கி நிற்கும் பெரிய ஸ்கிளீரல் வில்லையோதான். எந்த வில்லையும் கூம்பு வளர்வதை நிறுத்தாது. அதற்கு ரைபோஃபிளேவின் (விற்றமின் B2) துளிகளை விட்டுப் புறஊதாக் கதிரால் கோர்னியாவை இறுக்கும் சிகிச்சை தனியாக இருக்கிறது. நோய் இன்னும் கூடிக்கொண்டு போகிறதென்றால் கண் வைத்தியர் முதலில் அதைப் பற்றித்தான் பேசுவார். வில்லைக்கு அளவெடுப்பது அப்புறம்.