ஹீரோயின்: நாயகியா, தலைவியா, வீராங்கனையா?

கோடம்பாக்கத்துப் பேச்சில் 'ஹீரோயின் ஓரியண்டட் படம்' என்று ஒரு வகை இருக்கிறது. ஒரு பெண்ணைச் சுற்றிக் கதை போகிறது என்று அர்த்தம். ஆணைச் சுற்றிப் போனால் படம் என்றாலே போதும், தனிப்பெயர் வேண்டாம். சரி, இந்த ஹீரோயினுக்குத் தமிழ் என்ன? 'கதாநாயகி' என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அது பாதிக்குத்தான் சரி.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'ஹீரோஸ்' ஆண்பால், 'ஹீரோயினே' பெண்பால். லத்தீன் வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கிரேக்கர்களின் வழிபாட்டில் ஹீரோஸ் என்பவர் செத்துப்போனவர். கல்லறையில் பலி கொடுத்து, மது ஊற்றிக் கும்பிடுவார்கள், நம்மவர்கள் நடுகல்லுக்குக் கள் படைத்ததைப் போல. அப்படி வழிபடப்பட்ட பெண்களும் உண்டு. கதையின் முக்கிய ஆள் என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

போதைப்பொருள் ஹெராயினும் தூரத்து உறவுதான். 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் அதை மருந்தாகவே விற்கத் தொடங்கியது. 'வீரமிக்க' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும், இரண்டு எழுத்து தவறினால் நடிகை போதைப்பொருளாகிவிடுவார்.

ஆக, ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. துணிச்சல்காரியும் ஹீரோயின், கதையில் முதலிடம் பிடித்தவளும் ஹீரோயின். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. துணிச்சல்காரி வீராங்கனை. வீரத்தோடு, பெண் என்று பொருள்படும் 'அங்கனை' சேர்ந்த வடசொல் அது. இன்றைக்கு விளையாட்டுப் பக்கத்துக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்: டென்னிஸ் வீராங்கனை, செஸ் வீராங்கனை. அதனால் கத்தி பிடித்த கதைப்பெண்ணை வீராங்கனை என்று எழுதினால் மெடல் வாங்கியவள் போலத் தோன்றுகிறது.

நாயகியும் வடசொல்தான். அதன் வேருக்கு முன்னின்று நடத்திச் செல்வது என்று பொருள். அந்தக் கணக்குப்படி, போஸ்டரில் சிரித்துவிட்டு நான்கு காட்சியிலும் இரண்டு பாட்டிலும் வந்துபோகிறவரை நாயகி என்பது அதிகம். கதையை அவர் ஓர் அடிகூட நகர்த்துவதில்லையே.

தனித்தமிழில் கேட்டால் தலைவி. அகப்பாடல் படித்த யாருக்கும் தெரிந்த சொல். தொல்காப்பியம் தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என்றும் சொல்கிறது. கிழமை என்றால் உரிமை, உரிமையுள்ளவள் கிழத்தி. நல்ல சொல், ஆனால் இன்றைக்கு 'படத்தின் கிழத்தி' என்று அச்சடித்தால் நடிகை வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார். தலைவிக்கு வேறு சிக்கல். ஒரு காதில் தலைவனுக்காக ஏங்கிக் காத்திருப்பவள், மறு காதில் மாதர் சங்கத் தலைவி. நடுவில் சினிமாவுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

சில படங்கள் பொதுப்பெயரையே தேடவில்லை. அவள் செய்யும் காரியத்திலிருந்தே பெயர் வைத்துவிட்டார்கள். 1935இல் பம்பாயில் நாடியா நடித்த 'ஹண்டர்வாலி' என்றால் சவுக்குக்காரி. இந்தியில் ஹண்டர் என்றால் சவுக்கு. 1937இல் தமிழில் கே. டி. ருக்மணி கொள்ளைக்காரியாக வந்த படத்துக்குப் பெயர் 'மின்னல் கொடி'.

காமிக்ஸ் வாசகர்களுக்கோ அகராதியே தேவைப்படவில்லை. 1963இல் லண்டனின் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில் பீட்டர் ஓ'டோனல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைந்து தொடங்கிய மாடஸ்டி பிளைஸி, 1984இல் லயன் காமிக்ஸின் முதல் இதழிலேயே தமிழ் பேச ஆரம்பித்தாள். கூட்டாளி வில்லி கார்வின் அவளை 'இளவரசி' என்றுதான் கூப்பிடுவான். அவளிடம் ராஜ்ஜியமும் இல்லை, கிரீடமும் இல்லை. அகதியாக அலைந்து, கடத்தல் கும்பலுக்குத் தலைமை தாங்கி, ஓய்வு பெற்றவள். கையில் அடங்கும் 'கோங்கோ' என்ற சின்னக் கட்டையால் ஆளைச் சாய்ப்பாள். வாசகர்களும் அவனைப் போலவே அவளை இளவரசி என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். கதாநாயகி என்ற சொல் அவளுக்கு ஒட்டவே இல்லை.

ஆங்கிலத்தில் இப்போது அடிபடுவது 'ஸ்ட்ராங் ஃபீமேல் கேரக்டர்'. தமிழில் 'வலிமையான பெண் பாத்திரம்' என்று எழுதுகிறார்கள். வலிமை யாருக்கு, பெண்ணுக்கா பாத்திரத்துக்கா? பத்துப் பேரை அடித்துப் போடுபவளும் தட்டையாக எழுதப்பட்டிருக்கலாம். அழுதுகொண்டே முடிவெடுப்பவள் மனசில் நிற்கலாம். நம் விமர்சகர்கள் வெகுநாளாகச் சொல்லும் 'அழுத்தமான பாத்திரம்' இதற்குப் போதும். எழுத்தின் அழுத்தம் அது, தோள்வலிமை பற்றிப் பேசவில்லை. தற்காப்புக்கலை தெரிந்தவளைக் குறிக்க வேண்டுமென்றால் 'சண்டைக்காரி' என்று சொல்லலாம், ஆனால் தெருக்குழாயடி ஞாபகம் வந்து தொலைக்கும்.

1979இல் வந்த 'ஏலியன்' படத்தின் ஆரம்பகாலத் திரைக்கதையில் ஒரு குறிப்பு உண்டு: விண்கப்பல் ஊழியர்களின் எந்த வேடத்தையும் ஆணுக்கும் கொடுக்கலாம், பெண்ணுக்கும் கொடுக்கலாம். பெயர்களும் வெறும் குடும்பப்பெயர்கள்தான்: ரிப்ளி, டல்லஸ், கேன். ரிப்ளியாக சிகோர்னி வீவர் வந்தார். கடைசிவரை உயிரோடு நின்றது அந்த வேடமும் ஒரு பூனையும்தான்.

இதே குறிப்போடு தமிழில் ஒருவர் திரைக்கதை எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வார். ரிப்ளி கதவைத் திறக்கிறாள், ரிப்ளி கதவைத் திறக்கிறான் என்று வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 'திறக்கிறார்' என்று மரியாதை கொடுத்துத் தப்பிக்கலாம். நூற்றிருபது பக்கமும் 'ஆர்' போட்டு முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், தயாரிப்பாளர் நாலு பக்கம் புரட்டிவிட்டுக் கேட்பார்: "இந்த ரிப்ளி யாரு சார், ஹீரோவா ஹீரோயினா?"