வில்லா: நிலம் கழன்றுபோன சொல்

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையான ஓ.எம்.ஆரில் சோழிங்கநல்லூர் தாண்டியதும் விளம்பரப் பலகைகளில் 'ஃபிளாட்' குறைந்து 'வில்லா' பெருகத் தொடங்கும். போன மாதம் மச்சினன் அப்படி ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டான். "மாமா, கேளம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம். தனி வில்லா, கார்டனோட."

போனோம். பதினெட்டு வீடுகள், ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. மாடி படுக்கையறையில் நிற்கும்போது பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் சுவர் வழியாக வந்தது. கார்டன் என்பது போர்ட்டிகோவுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே ஒன்றரை அடி அகலப் புல். அதிலும் பாதியை செப்டிக் டேங்க் மூடி எடுத்துக்கொண்டிருந்தது. "இதுல தனி எது தம்பி?" என்று விற்பனைப் பையனைக் கேட்டேன். "படிக்கட்டு சார். உங்க வீட்டுக்குள்ளேயே இருக்கு" என்றான்.

வில்லா லத்தீன் சொல். ரோமானியர்களுக்கு அது ஊருக்கு வெளியே, விளைநிலத்தோடு சேர்ந்த வீடு. திராட்சை பிழியும் இடம், எண்ணெய்ச் செக்கு, தானியக் கிடங்கு எல்லாம் அதற்குள் அடக்கம். நகரத்துக்குள் இருந்த பணக்கார வீட்டுக்கு 'டோமுஸ்' என்று வேறு பெயர். மாடி மேல் மாடியாக வாடகைக்கு விட்ட கட்டடம் 'இன்சுலா', அதாவது தீவு. வில்லா நிலத்தில் வேலை செய்தவன் 'வில்லானுஸ்'. நம் சினிமா வில்லன் அவனுடைய வழித்தோன்றல்தான்! பண்ணையாள் எப்படிக் கெட்டவன் ஆனான் என்பது தனிக்கதை. பேர் வைத்தது பண்ணையாளில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சொல்லை இழுத்து நீட்டும் வேலை ஓ.எம்.ஆரில் தொடங்கியதுமில்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் புறநகர்களில் நடுச்சுவரைப் பங்குபோட்ட இரட்டை வீடுகளையே வில்லா என்று விற்றார்கள். நம் ஆட்கள் இரண்டைப் பதினெட்டாக்கினார்கள், அவ்வளவுதான். இப்போது 'வில்லாமென்ட்' வந்துவிட்டது: வில்லாவும் அப்பார்ட்மென்டும் கலந்த ஒட்டுமாங்காய். 'வில்லா பிளாட்' (plot) இன்னும் ஒரு படி மேலே. அங்கே வீடே கிடையாது, கல் நட்ட காலி நிலம்.

இதற்குத் தமிழ் என்ன? ரோமானியப் பொருளுக்கு மிக நெருக்கமான சொல் கொங்கு நாட்டில் இருக்கிறது: தோட்டத்துச் சாளை. விளைநிலத்துக்கு நடுவே குடியானவர் இருக்கும் வீடு. பண்ணை மறைந்து, சுற்றிலும் மரமும் இடமும் உள்ள வசதியான வீடு என்ற பிற்காலப் பொருளுக்குச் சென்னையிலேயே சொல் உண்டு. கோட்டைக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை, அடையாற்றங்கரை என்று வெளியே வந்து பெரிய தோப்புகளுக்கு நடுவே வீடு கட்டினார்கள். ஜேம்ஸ் பிராடி 1790களில் கட்டிய பிராடி காசில் அந்த வகை. இசைக் கல்லூரி இருக்கிற கட்டடம்தான் அது. அந்த அதிகாரிகளே அவற்றை 'கார்டன் ஹவுஸ்', அதாவது தோட்ட வீடு என்றுதான் சொன்னார்கள். போயஸ் தோட்டத்தின் பெயரில் ஒட்டியிருக்கும் தோட்டம் அந்தக் காலத்து வாசனை.

ஆகவே வில்லாவுக்குத் தோட்ட வீடு என்பதே என் பரிந்துரை. மாளிகை என்று சிலர் எழுதுவார்கள். அதில் ஆடம்பரம் இருக்கிறது, நிலம் இல்லை. சுவர் ஒட்டாமல், தோட்டமும் இல்லாமல் இருந்தால் தனி வீடு. நான் பார்த்துவிட்டு வந்தது வரிசை வீடு. அந்தச் சொல்லில் ஒரு குறையும் இல்லை, விலைதான் ஏறாது.

நாமும் சொல்லை நகர்த்தியவர்கள்தான். சங்கப் பாடல்களில் மனை என்றால் குடும்பம் வாழும் வீடு. மனைவி என்ற சொல்லே அதிலிருந்து வந்தது. இன்றைக்கு 'மனை விற்பனைக்கு' என்றால் வெறும் நிலம். காலி மனை என்று சொல்ல வேண்டியிருப்பதிலேயே பழைய பொருள் ஒளிந்திருக்கிறது. மனையில் வீடு போய் நிலம் நின்றது, வில்லாவில் நிலம் போய் வீடு நின்றது.

சட்டம் இந்தப் பெயர்களில் மயங்குவதில்லை. ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டம் அப்பார்ட்மென்டுக்கு விளக்கம் சொல்லும்போது ஃபிளாட், யூனிட் என்று ஒரு பட்டியல் போட்டு, 'அல்லது வேறு எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும்' என்று முடிக்கிறது. கார்ப்பெட் ஏரியாவுக்கும், அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்புக்கும், அதில் வரையறை உண்டு: வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி சேராது, உள்சுவர்கள் சேரும். விளம்பரத்தைப் பொய்யென்று நிரூபித்தால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கவும் வழி வைத்திருக்கிறது.

பலகையை விடப் பத்திரம் தெளிவாகப் பேசும். சொத்து விவரத்தில் நான்கு எல்லையும் போட்டு நிலம் முழுதாக உங்கள் பெயருக்கு வருகிறதா, இல்லை 'பிரிபடாத பாகம்' என்று வருகிறதா? பின்னதைத்தான் புரோக்கர்கள் யூ.டி.எஸ். என்பார்கள், மொத்த நிலத்தில் உங்களுக்கு ஒரு பங்கு, எந்த மூலை என்று கை காட்ட முடியாது.

மச்சினன் பத்திர நகல் கேட்டான். மூன்று நாள் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது. பிரிபடாத பாகம் 640 சதுர அடி, கால் கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. முப்பத்திரண்டு பக்கத்திலும் வில்லா என்ற சொல்லைத் தேடினோம். 'யூனிட் எண் 11' என்று மட்டும் இருந்தது.