வேரியேஷனும் ரீப்ரோவும்: ‘போலி’ என்ற சொல்லில் அடங்காதவை

பழைய விண்வெளிப் பொம்மைகளைச் சேகரிப்போர் ஓயாமல் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் இரண்டு. ஒன்று ‘வேரியேஷன்’, அதாவது தொழிற்சாலையே செய்த மாறுதல்; மற்றது ‘ரீப்ரோ’, அதாவது பின்னாளில் வேறொருவர் செய்த பிரதி. மலையகத்தில் நாம் இவ்விரண்டையும் ‘போலி’ என்றோ ‘டுப்ளிகேட்’ என்றோ ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். அதனால் நேற்று வார்த்த பொருளை அசலின் விலை கொடுத்து வாங்கியவர்களும் உண்டு, அசலையே போலியென்று ஒதுக்கியவர்களும் உண்டு. நான் இரண்டாவது வகையைச் சேர்ந்தவன்.

பண்டாரவளையில் ஒரு பழைய சாமான் கடையில், டிங்கி என்ற பிரித்தானியப் பொம்மை நிறுவனம் வார்த்த ‘தண்டர்பேர்ட் 2’ விண்கலம் ஒன்றைக் கண்டேன். தோட்டங்களை அரசு பொறுப்பேற்ற காலத்தில், 1975ஐ ஒட்டி ஊர் திரும்பிய ஒரு துரையின் பங்களாவிலிருந்து கிளாக்கர் வீடொன்றுக்கு வந்து, அங்கிருந்து கடைக்கு வந்ததாகச் சொன்னார்கள். ‘தண்டர்பேர்ட்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் வரும் அந்தக் கலம் பச்சை நிறம். கடையில் இருந்ததோ மினுங்கும் கருநீலம். யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். உண்மையில் டிங்கி அந்தக் கலத்தை 1967இல் 101 என்ற பட்டியல் எண்ணோடு பச்சையில் வெளியிட்டது. 1974இல் எண்ணை 106 என்று மாற்றி, நீலத்தில் வெளியிட்டது. தொடரின் நிறத்தை நம்பித் தொழிற்சாலையின் நிறத்தைத் தள்ளிவிட்டேன். 1975இல் மூடப்பட்ட ஒரு பங்களாவில் 1974ஆம் ஆண்டுப் பொம்மை இருந்ததில் வியப்பேதும் இல்லை என்பதையும் அப்போது நினைக்கவில்லை.

‘போலி’ என்ற சொல் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ‘போல்’ என்ற வினையடியிலிருந்து பிறந்தது அது; ‘மதி போன்ற முகம்’ என்பதில் உள்ள அதே ‘போல்’. எழுத்திலக்கணத்தில் போலி என்பது குற்றமே அன்று. மஞ்சு என்பது மைஞ்சு என்றும், அமச்சு என்பது அமைச்சு என்றும், பந்தல் என்பது பந்தர் என்றும் வரும்போது, எழுத்து மாறியும் பொருள் மாறாமல் நிற்பதால் அவற்றை முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று வகுத்தார்கள். பந்தலும் அசல்தான், பந்தரும் அசல்தான். இந்த இலக்கணப்படி பார்த்தால், நிறம் மாறியும் பொருள் மாறாத அந்த நீலக் கலத்தைத்தான் போலி என்று சொல்ல வேண்டும்! ஆனால் பேச்சுவழக்கில் அச்சொல் ஏமாற்று என்ற பொருளுக்கு முழுதாகச் சாய்ந்துவிட்டது. அதை மீட்டெடுத்துச் சேகரிப்புக்குப் பயன்படுத்தலாம் என்ற ஆசை எனக்கு இல்லை.

‘வேரியேஷன்’ என்பதன் வேர் ‘வாரியுஸ்’ என்ற இலத்தீன் சொல். பலநிறம் கொண்டது, பலவிதமானது என்று அதற்குப் பொருள். தமிழில் திரிபு, மாறுபாடு, வேறுபாடு, பேதம் எனப் பல சொற்கள் கைக்கு எட்டுகின்றன. கொரோனாக் காலத்தில் ‘திரிபு’ பரவலாயிற்று. ஆயினும் பால் திரிந்தது என்று சொல்லும் நாட்டில், கெட்டுப்போனது என்ற நிழல் அச்சொல்லை விட்டு விலகாது. எனக்குப் பொருத்தமாகப் படுவது ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் கையாண்ட ‘பாடவேறுபாடு’ என்ற சொல்லின் வழி. ஒரு செய்யுள் இரு ஏடுகளில் இருவிதமாக இருந்தால், நல்ல பதிப்பாசிரியர் ஒன்றைப் பொய்யென்று எறிந்துவிடுவதில்லை. ஒன்றை மேலே வைத்து மற்றதை அடிக்குறிப்பில் பதிவுசெய்கிறார். அதுபோல வார்ப்பு வேறுபாடு, நிற வேறுபாடு, அட்டை வேறுபாடு என்று நாம் எழுதலாம்.

‘ஒரே அச்சில் வார்த்தாற்போல’ என்று ஒற்றுமைக்கு உவமை சொல்கிறோம். தொழிற்சாலையை அறிந்தவர்கள் இந்த உவமையைக் கேட்டால் சிரிப்பார்கள். அச்சு தேய்கிறது, ஒரே பொம்மைக்குப் பல அச்சுகள் வெட்டப்படுகின்றன, ஒப்பந்தம் வேறொரு தொழிற்சாலைக்குப் போகிறது, நடுவில் செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வருகிறது. கென்னர் என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனம் 1978இல் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் உருவங்களில் ‘ஜாவா’ என்ற குள்ள உருவத்துக்கு முதலில் வைனில் மேலங்கி இருந்தது. அந்த ஆண்டிலேயே அதைக் கைவிட்டுத் துணி அங்கிக்கு மாறினார்கள். லூக் உருவத்தின் கைக்குள்ளிருந்து நீளும் ஒளிவாள் முதலில் இரண்டு கட்டமாக நீண்டது, பிறகு ஒரே கட்டமாகச் சுருங்கியது. இவை யாவும் வேறுபாடுகள்: அதே நிறுவனம், அதே காலம், அதே உரிமம்.

இந்த உருவங்களின் காலின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ‘ஜி.எம்.எஃப்.ஜி.ஐ.’ என்றும் ஆண்டும், பலவற்றில் ‘ஹொங்கொங்’ என்றும் பொறிக்கப்பட்டிருக்கும். முதலிலுள்ள எழுத்துகள் கென்னரின் தாய்நிறுவனமாயிருந்த ஜெனரல் மில்ஸின் பொம்மைப் பிரிவைக் குறிக்கும். நம் ஊரில் ‘ஹொங்கொங் சாமான்’ என்றாலே மட்டம் என்று நினைத்தே வளர்ந்திருக்கிறோம். இங்கே அந்தப் பெயர் அசலின் அடையாளங்களுள் ஒன்று. ஆண்டைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 1977 என்பது பதிப்புரிமை ஆண்டேயன்றி, உங்கள் கையிலுள்ள உருவம் வார்க்கப்பட்ட ஆண்டன்று.

‘ரீப்ரோ’ என்பது ‘ரீப்ரொடக்ஷன்’ என்ற நெடுஞ்சொல்லின் குறுக்கம். மீண்டும் என்ற பொருள்தரும் ‘ரே’, முன்னே என்ற பொருள்தரும் ‘ப்ரோ’, நடத்துதல் என்ற பொருள்தரும் ‘டூகெரே’ ஆகிய இலத்தீன் கூறுகள் சேர்ந்து, மீண்டும் முன்கொண்டு வருதல் என்ற பொருளைத் தருகின்றன. சொல்லுக்குள் வஞ்சகம் எதுவும் இல்லை. உயிரியலிலும் இதே சொல் வழங்குவதால், அகராதியையோ மொழிபெயர்க்கும் கருவியையோ நம்பி எழுதுபவர்கள் பொம்மைக்கும் ‘இனப்பெருக்கம்’ என்று போட்டுவிடுகிறார்கள். தகர ரோபோக்கள் அலமாரிக்குள் குடும்பம் நடத்துவதுபோலத் தோன்றும். ‘நகல்’ என்ற சொல் உண்டு. அசலைப் போலவே அதுவும் அரபியிலிருந்து வந்து தமிழில் ஊறிப்போனது. ஆனால் அது கடதாசிக்கு உரியது. நகல் பொம்மை என்றால் காது ஏற்பதில்லை.

தமிழகத்தார் ‘மறு’ என்று தொடங்கும் இடங்கள் பலவற்றில் இலங்கையில் நாம் ‘மீள்’ என்று தொடங்குகிறோம்: மீள்பதிப்பு, மீள்பரிசீலனை, மீள்குடியேற்றம். அந்த வழியில் ‘மீள்வார்ப்பு’ என்பதை நான் முன்வைக்கிறேன். துத்தநாகக் கலவைக்கும் பிளாஸ்டிக்குக்கும் இது பொருந்தும். ஜப்பானியத் தகர ரோபோக்களோ வார்க்கப்பட்டவை அல்ல, அச்சிட்ட தகடு வெட்டி மடிக்கப்பட்டவை. அவற்றுக்கும் அட்டைப்பெட்டிக்கும் ‘மீள்படி’ என்பதே சரி. உரிமம் வைத்திருக்கும் நிறுவனமே பின்னாளில் திரும்ப வெளியிட்டால் அது மீள்வெளியீடு. அசல் விற்ற காலத்திலேயே உரிமமின்றி வார்த்து விற்றவை வேறு வகை. அவற்றைக் கள்ள வார்ப்பு என்று சொல்லிவிடலாம். அவற்றையும் விரும்பித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையைக் குறிக்கும் லைன் என்ற சொல் நம்மிடம் ‘லயம்’ ஆகி, ‘லயத்தில்’, ‘லயத்துக்கு’ என்று தமிழ்ச் சாரியை ஏற்றுக் குடியுரிமை பெற்றுவிட்டதே, ரீப்ரோவும் அப்படி ஆகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். லயம் பல தலைமுறைகள் வாழ்ந்து பெற்ற சொல். ரீப்ரோ இன்னும் விலைச்சீட்டில் மட்டுமே வாழ்கிறது.

மீள்வார்ப்பைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அளவுதான். அசலை வைத்தே அச்செடுத்து ஊற்றும்போது, ஊற்றிய பொருள் இறுகுகையில் சுருங்குவதால் பிரதி மயிரிழை சிறுத்து, பொறிப்பின் ஓரங்கள் மழுங்கிவிடுகின்றன. சிலிக்கன் அச்சில் ஊற்றிய ரெசின் ஆனால் ஊசிமுனைக் குமிழிகள் தெரியும். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனையைப் பலர் நம்புகிறார்கள். பிளாஸ்டிக்கின் வகையைப் பொறுத்து அசலும் மூழ்கலாம், பிரதியும் மிதக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பி நான் தீர்ப்புச் சொல்வதில்லை. ஜாவாவின் வைனில் அங்கியில் மோசடி இன்னும் நுட்பமானது: அதே தொடரின் பென் கெனோபி உருவத்தின் அசல் அங்கியை வெட்டிச் சிறிதாக்கி விற்கிறார்கள். பொருள் பழையதுதான், ஆனால் பெயர் பொய்.

பெட்டி விடயத்தில் நமக்கு ஒரு சொந்த அனுகூலம் இருக்கிறது. புதிதாக அச்சிட்ட அட்டையைப் பழையதாகக் காட்ட உலகெங்கும் கையாளப்படும் எளிய வழி தேயிலைச் சாயத்தைப் பூசுவது. சாயம் எப்படி ஊறும், எங்கே தேங்கி வரம்பு கட்டும் என்பதைத் தேத்தண்ணீர்க் கோப்பை வைத்த மேசைத்துணியில் தினமும் பார்ப்பவர்கள் நாம். இயற்கையான பழுப்பு, வெளிச்சமும் காற்றும் பட்ட ஓரங்களிலிருந்து உள்நோக்கி மங்கிச் செல்லும். மடிப்புக்குள் மறைந்திருந்த பகுதி வெளிறியே இருக்கும். சாயம் பூசியதில் மடிப்பின் உட்புறமும் ஒரே பழுப்பாயிருக்கும். நுவரெலியாப் பனியில் பல ஆண்டுகள் கிடந்த பெட்டி என்று சொல்லிவிட்டு, பூஞ்சணப் புள்ளி ஒன்றுகூட இல்லாததை நீட்டினாலும் நான் சற்றுத் தயங்குவேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், பழைய ஓஃப்செட் அச்சில் புள்ளிகள் ஒழுங்காகப் பூப்போலக் கூடி நிற்கும்; வீட்டு இங்க்ஜெட்டில் அவை தூவியதுபோலச் சிதறிக் கிடக்கும்.

இன்னொரு சொல்லையும் ஏட்டுச்சுவடிகளிலிருந்து கடன் வாங்க வேண்டியிருக்கிறது: ‘இடைச்செருகல்’. உண்மையான நூலுக்குள் பின்னால் வந்தவர் நுழைத்த செய்யுளை அப்படிச் சொல்வோம். உருவம் அசலாயிருந்து, தொலைந்த துப்பாக்கிக்குப் பதில் மீள்வார்ப்புத் துப்பாக்கி கையில் சொருகப்பட்டிருந்தால் முழுவதையும் போலி என்பதும் தவறு, அசல் என்பதும் தவறு.

நான் விட்டுவந்த நீலக் கலத்தை மறுமாதம் வாங்கியவர் எனக்குப் பழக்கமான ஹட்டன் அண்ணன் ஒருவர். டிங்கியின் தண்டர்பேர்ட் 2 வயிற்றுக்குள் ‘தண்டர்பேர்ட் 4’ என்ற சிறு மஞ்சள் பிளாஸ்டிக் கலம் இருக்கும். பிள்ளைகள் முதலில் தொலைப்பது அதைத்தான். அண்ணன் வயிற்றைத் திறந்தபோது மஞ்சள் கலம் இருந்தது, அதன் அடியில் மூன்று குமிழிகளும் இருந்தன. தன் பதிவேட்டில் அவர் இப்படி எழுதியிருக்கிறார்: “உடல்: நிற வேறுபாடு, எண் 106. உள்ளே: இடைச்செருகல், ரெசின் மீள்வார்ப்பு. அசல் கிடைத்தால் மாற்ற வேண்டும்.”