கசப்பைக் கடையில் வாங்கலாம், மணத்தைத் தோட்டத்தில் பறிக்கலாம்

ஆகஸ்ட் கடைசியில், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் கொடியிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி, நகத்தால் நீளவாக்கில் பிளந்து பார்க்க வேண்டும். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். காகிதம் போன்ற வெளிர்பச்சை இதழ்கள் செதில் செதிலாக அடுக்கியிருக்கும். அவை நடுக்காம்பில் ஒட்டும் இடத்தில், மஞ்சள்தூளைச் சிந்தி வைத்தாற்போல் ஒரு பொடி. விரலில் எடுத்தால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் சூடேறத் தேய்த்து முகர்ந்தால், யாரோ பக்கத்தில் பம்பளிமாஸ் உரிப்பது போல மணக்கும். அதே விரலை நாக்கில் வைத்தால் மணத்துக்குச் சம்பந்தமே இல்லாத கசப்பு. நெடுநேரம் போகாது.

இந்தப் பொடிக்கு லுபுலின் என்று பெயர். ஹாப்ஸ் பீருக்குக் கொடுக்கும் கசப்பு, வாசனை இரண்டுமே இதிலிருந்துதான் வருகின்றன. ஆனால் இரண்டும் ஒரே வழியில் வெளியே வருவதில்லை. கசப்புக்கு நெடுநேரம் கொதிக்க வேண்டும். மணமோ கொதித்தால் போய்விடும். வீட்டில் ஹாப்ஸ் வளர்க்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். எனக்கு இது புரிய மூன்று வருடமும் ஒரு முழு அறுவடையும் ஆயிற்று.

நான் இருப்பது அமெரிக்காவில், ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில். இங்கிருந்து தெற்கே நீளும் வில்லமெட் பள்ளத்தாக்கு பழைய ஹாப்ஸ் பூமி. எங்கள் வேலியில் ஏறியிருக்கும் 'கேஸ்கேட்' ரகமே இந்தப் பள்ளத்தாக்கின் கோர்வாலிஸ் ஊரில் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கி, 1972இல் வெளிவந்ததுதான். 1980இல் சியரா நெவாடா என்ற சிறு பீர் ஆலை 'பேல் ஏல்' என்ற தன் வெளிர்நிற பீரில் அதைச் சேர்த்த பிறகு, அமெரிக்கச் சிறு ஆலைகளின் பீர் என்றாலே அந்தப் பம்பளிமாஸ் மணம் என்றாகிவிட்டது. வீட்டில் பீர் தயாரிக்க இந்த நாட்டில் வழிவிட்டது 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்: பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 200 கேலன் வரை. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் இதைச் செய்வது குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஹாப்ஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நமக்கு வேண்டிய பூ பெண் செடியில்தான் வரும். விதை போட்டால் எது முளைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் இஞ்சி, மஞ்சள் நடுவது போலக் கிழங்குத் துண்டைத்தான் நடுகிறோம். தாய்ச்செடி எதுவோ அதுவே அச்சாக வரும். மார்ச் முடிவில், தண்ணீர் தேங்காத மண்ணில், நாள் முழுக்க வெயில் விழும் இடமாகப் பார்த்து ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால் போதும். முதல் வருடம் வேர்தான் இறங்கும், பூ பெயருக்குத்தான். முழு விளைச்சலுக்கு மூன்றாம் வருடம் வரை பொறுக்க வேண்டும்.

ஹாப்ஸ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பாகல், சுரை போல இதற்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டே சுற்றி ஏறும். தண்டு முழுக்கக் கொக்கி போன்ற சொரசொரப்பான முடிகள் உண்டு. முழுக்கைச் சட்டை போடாமல் அறுவடைக்குப் போனால் கையெல்லாம் கீறிவிடும். மேலிருந்து பார்த்தால் கொடி கயிற்றைக் கடிகார முள் திசையில், கோயிலை நாம் சுற்றுவது போல வலமாகவே சுற்றும். நோயில் அறைக்குள் முடங்கியிருந்த சார்லஸ் டார்வின், தொட்டியில் இருந்த ஹாப்ஸ் கொடியின் நுனியை இரவும் பகலும் கவனித்துக் கணக்கெடுத்தார். வெயில் காலத்தில் நுனி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற சராசரியாக 2 மணி 8 நிமிடம். பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காதவரை அது காற்றில் துழாவிக்கொண்டே இருக்கும். ஜூனில் நல்ல வெயில் நாளில் ஒரே நாளைக்கு 20, 30 சென்டிமீட்டர்கூட ஏறும்.

அது ஏறுகிற கயிறு நம்முடையது. அமெரிக்க ஹாப்ஸ் பண்ணைகளில் ஐந்தரை மீட்டர் உயரக் கம்பியிலிருந்து தொங்குவது பெரும்பாலும் இலங்கையிலிருந்து வரும் தென்னை நார்க் கயிறு. வழவழப்பான நைலானில் அந்தக் கொக்கி முடிகளுக்குப் பிடி கிடைக்காது, நார்க் கயிற்றில் கிடைக்கும். நனைந்த கொடியின் பாரத்தையும் அது ஒரு பருவம் முழுக்கத் தாங்கும். நானும் அதைத்தான் கட்டியிருக்கிறேன்.

இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌலில் ஹாப்ஸ் பயிரிட்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து பேசுகிறவர்கள், "அப்போ ஊட்டியில் வருமா?" என்று கேட்பார்கள். குளிர் ஒரு பெரிய தடையில்லை, பகல்தான் தடை. ஹாப்ஸ் பகலின் நீளத்தை அளந்து வாழ்கிற செடி. பகல் நீண்டிருக்கும்வரை கொடியாக வளர்ந்துகொண்டே போகும். குறையத் தொடங்கியதும் வளர்ச்சியை நிறுத்திப் பூக்கும். போர்ட்லாந்தில் ஜூன் மாதப் பகல் பதினைந்தரை மணி நேரத்துக்கு மேல். சென்னையிலோ ஊட்டியிலோ ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. மலை ஏறினால் குளிர் கிடைக்கும், பகல் நீளாது. அங்கே கொடி ஆள் உயரம் வருவதற்குள்ளேயே, பருவம் முடிந்தது என்று எண்ணி நாலு பூவைப் பூத்துவிடும். விளக்குப் போட்டுப் பகலை நீட்டினால் வளர்க்கலாம், ஆனால் அது தோட்டக்காரரின் கையை மீறிய வேலை.

பூ பறிக்கும் பக்குவத்தைக் கையே சொல்லிவிடும். ஈரமாக, மெத்தென்று இருந்தால் இன்னும் நாளாகும். லேசாக அமுக்கினால் சருகு போலச் சலசலத்து மறுபடி எழும்ப வேண்டும். உள்ளே இருக்கும் பொடி வெளிறிய நிறம் மாறி நல்ல மஞ்சளாகியிருக்க வேண்டும். பறித்த பூவில் எண்பது சதவீதம் வரை தண்ணீர்தான். காயவைத்து ஈரத்தைப் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், 100 கிராம் பச்சைப் பூ 22 கிராம்தான் தேறும். நான் ஜன்னல் வலையில் பரப்பி மின்விசிறி போட்டு விடுகிறேன். சூடு காட்டுவதானால் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது, மணம் பறந்துவிடும். இதழ் காய்ந்ததை நம்பி ஏமாறக் கூடாது. நடுக்காம்பை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். அப்புறம் காற்றை வெளியேற்றிப் பையில் அடைத்து ஃப்ரீசரில் வைக்க வேண்டும். வெளியே கிடந்தால் சில மாதங்களில் பழைய சீஸ் வாடை வந்துவிடும். வீட்டில் நாய் இருந்தால் ஹாப்ஸை அதற்கு எட்டாமல் வைப்பது முக்கியம். நாய்களுக்கு இது விஷம். உடல் சூடு தாறுமாறாக ஏறி உயிரே போகலாம்.

இப்போது பானைக்கு வருவோம். முளைகட்டிய பார்லியை 65, 66 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகும். வடித்தெடுத்த அந்த இனிப்பு நீரை ஒரு மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். என் முதல் பெரிய அறுவடையில், சொந்தப் பூவாயிற்றே என்ற ஆசையில், எல்லாவற்றையும் கொதி தொடங்கியதுமே போட்டேன். வீடு முழுக்க மணத்தது. பீரில் மணம் என்று ஒன்றுமே இல்லை. கசப்பும் முந்தைய பீர்களைவிட ரொம்ப அதிகம்.

நடந்தது இதுதான். லுபுலினில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் தண்ணீரில் சரியாகக் கரையாது. கொதிநீரில் அந்த மூலக்கூறின் ஆறு கார்பன் வளையம் ஐந்து கார்பன் வளையமாகச் சுருங்குகிறது. அணு ஒன்றுகூடக் கூடுவதில்லை, குறைவதில்லை, அமைப்புதான் மாறுகிறது. மாறிய பிறகு நன்றாகக் கரையும், நன்றாகக் கசக்கும். இந்த மாற்றம் மெதுவாக நடப்பது. ஒரு மணி நேரம் கொதித்தாலும் போட்டதில் ஏறக்குறைய கால் பங்குதான் பீரில் சேரும். பத்து நிமிடம் மட்டும் கொதித்தால் பத்தில் ஒரு பங்குகூடச் சேராது.

ஒரு சின்னக் கணக்கு. 20 லிட்டருக்கு 30 கிராம் காய்ந்த பூ, ஒரு மணி நேரக் கொதி. பூவில் ஆல்ஃபா அமிலம் 4 சதவீதம் என்றால் 1.2 கிராம், அதில் கால் பங்கு 300 மில்லிகிராம், லிட்டருக்கு 15 மில்லிகிராம். இது மென்மையான கசப்பு. அதே பூவில் 8 சதவீதம் இருந்திருந்தால் லிட்டருக்கு 30, அதாவது இரண்டு மடங்கு. கடையில் வாங்கும் பொட்டலத்தில் இந்தச் சதவீதம் அச்சிட்டிருக்கும். என் வேலியில் காய்த்ததில் எவ்வளவு என்று ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். வெயில், வயது, பறித்த நாள் எல்லாவற்றுக்கும் தக்கபடி அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அளவு தெரியாத மிளகாயை வைத்துக்கொண்டு குழம்பின் காரத்தைத் தீர்மானிக்கிற நிலைதான்.

மணத்தின் கதை நேர்மாறு. காய்ந்த பூவில் சுமார் ஒரு சதவீதம் நறுமண எண்ணெய். அதில் மிர்சீன் மாங்காயிலும் இருப்பது. லினலூல் கொத்தமல்லி விதையின் மணம். ஜெரானியால் ரோஜாவின் மணம். எல்லாம் ஆவியோடு ஆவியாகப் பறக்கிறவை. கொதிக்கும்போது வீடு மணக்கிறது என்றால் அந்த மணம் பானையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். நம் வீட்டுச் சமையலுக்கு இது நன்றாகத் தெரியும். ரசம் நுரை கூடியதும் இறக்கிவிடுவார்கள், கொத்தமல்லியைக் கடைசியில்தான் தூவுவார்கள்.

அதனால் இப்போது கசப்புக்குக் கடை ஹாப்ஸை அளந்து தொடக்கத்தில் போடுகிறேன். அடுப்பை அணைத்து, சூடு 80 டிகிரிக்கு இறங்கியதும் என் பூ போகும். அங்கே ஆல்ஃபா அமிலம் மாறும் வேகம் வெகுவாகக் குறைந்திருப்பதால், என் பூவின் சதவீதம் தெரியாதது ஒரு குறையே இல்லை. இன்னொரு பங்கை நொதிக்கும்போது போடுகிறேன். அப்போது ஈஸ்ட்டும் வேலை செய்யும். ஜெரானியாலில் ஒரு பகுதியைச் சிட்ரோனெல்லால் ஆக்கிவிடும். பூவில் இல்லாத எலுமிச்சை வாசனை பீரில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அறுவடை நாளிலேயே காயவைக்காத பச்சைப் பூவைப் போடுவதும் உண்டு. எடையில் ஐந்து மடங்கு வேண்டும். வருடத்தில் ஒரு நாள்தான் கிடைக்கும் பீர் அது, அதை மட்டும் நான் விடுவதேயில்லை.

கசப்பு நாக்குக்காக மட்டும் வந்ததல்ல. பீரைப் புளிக்க வைக்கும் லாக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்களின் உறைக்குள் இந்த அமிலங்கள் புகுந்து, அவை உயிர்வாழத் தேவையான அமிலச் சமநிலையைக் குலைத்துவிடும். ஹாப்ஸ் பானத்தைக் கெடாமல் காக்கும் என்று ஜெர்மனியில் ஹில்டகார்ட் என்ற துறவி 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்த பேல் ஏலில் ஹாப்ஸைத் தாராளமாகச் சேர்த்ததும் இதற்காகத்தான். இந்த அமிலங்களுக்கு வெளிச்சம் ஆகாது. வெயில் பட்டால் உடைந்து கந்தகத்தோடு சேர்ந்து, குடலைப் புரட்டும் ஒரு வாடையாக மாறும். பீர் பாட்டில் பழுப்பு நிறத்தில் இருப்பது அதைத் தடுக்கத்தான்.

பறித்து முடித்ததும் கொடியை உடனே வெட்டுவதில்லை. இலை மஞ்சளாகி வாடும்வரை அடுத்த வருடத்துக்கான சத்து வேருக்கு இறங்கிக்கொண்டிருக்கும். பனி விழுந்த பிறகு கொடியையும் கயிற்றையும் சேர்த்து அறுத்து அப்படியே உரக்குழியில் போடுகிறேன். நைலானாக இருந்தால் பிரித்தெடுக்க ஒரு நாள் போயிருக்கும். மார்ச்சில் மண்ணைப் பிளந்துகொண்டு ஊதா நிறக் குருத்துகள் கும்பலாக வரும். கயிற்றுக்கு மூன்று விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். பெல்ஜியத்தில் இந்தக் குருத்துகள் விலையுயர்ந்த காய். எங்கள் வீட்டில் கடுகு தாளித்து, தேங்காய்த் துருவல் போட்டுப் பொரியல்.