கண்புரைக்கு மூலிகை மாத்திரை: எலிக்குப் பலித்தது நமக்கும் பலிக்குமா?

மஞ்சளில் உள்ள குர்குமின், வெங்காயம் போன்றவற்றில் உள்ள குவெர்செட்டின் ஆகியவற்றின் மாத்திரைகளைச் சாப்பிட்டால் கண்புரை வராது என்று நம்பும் சர்க்கரை நோயாளிகள் பலரைக் கண் மருத்துவராகப் பார்க்கிறேன். அந்த நம்பிக்கை வெறும் கட்டுக்கதை இல்லை. ஆனால் ஆதாரம் பெரும்பாலும் விலங்குகளோடு நின்றுவிடுகிறது.

கண் லென்சுக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் தேவையில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் லென்சிலும் ஏறும். அங்கே ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி அதைச் சார்பிட்டாலாக மாற்றுகிறது. சார்பிட்டால் செல்லை விட்டு எளிதில் வெளியேறாது. அது தண்ணீரை உள்ளே இழுக்க, லென்ஸ் இழைகள் வீங்கிக் கலங்குகின்றன. இந்த நொதியைத்தான் பல தாவரச் சேர்மங்கள் தடுக்கின்றன. சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட டெகு என்ற கொறிவிலங்கில், குவெர்செட்டினின் நெருங்கிய உறவான குவெர்சிட்ரின் கண்புரையைத் தள்ளிப்போட்டதாக 1977-லேயே ஆய்வு வந்தது.

சரி, நமக்கு? எலியின் லென்சில் இந்த நொதி மனித லென்சில் இருப்பதைவிட மிக அதிகம். அளவும் முக்கியம். புரை உண்டாக்குவதற்காகக் கேலக்டோஸ் என்ற சர்க்கரை கொடுத்த எலிகளுக்கு உணவில் 0.002 சதவீதம் குர்குமின் சேர்த்தபோது புரை தாமதமானது, 0.01 சதவீதம் சேர்த்தபோது புரை முற்றுவது வேகமானது. 'கூடுதலாகச் சாப்பிட்டால் கூடுதல் நன்மை' என்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். இதே நொதியைத் தடுக்க ஆய்வகத்தில் உருவாக்கிய டோல்ரெஸ்டாட் மருந்து, கல்லீரலைப் பாதித்ததால் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

தாவரங்களை நான் குறைத்துப் பேசவில்லை. சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினின் வரலாறே கலேகா என்ற செடியில்தான் தொடங்குகிறது. ஆனால் அந்த மூலப்பொருளை மாற்றியமைத்து, மனிதர்களிடம் சோதித்த பிறகே அது மருந்தானது.

என் கவலை புரையைப் பற்றியதுகூட இல்லை. புரையை அறுவை செய்து செயற்கை லென்ஸ் வைத்துவிடலாம். ஆனால் சர்க்கரை நோய் விழித்திரையையும் கெடுக்கும்; அது கெட்டால் இழந்த பார்வை பெரும்பாலும் திரும்பாது, ஆரம்பத்தில் அறிகுறியும் தெரியாது. மாத்திரை சாப்பிடுகிறோமே என்ற தைரியத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து, 1993-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியபோது விழித்திரை பாதிப்பு புதிதாக வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. எந்த மூலிகை மாத்திரைக்கும் இப்படியொரு சான்று இல்லை.

இரண்டாம் வகை (டைப் 2) நோய் என்றால், கண்டுபிடித்த உடனேயே கண் மருத்துவரிடம் கண்மணியை விரித்து விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை. மூலிகை மாத்திரை எடுப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சில மாத்திரைகளில் சேர்க்கும் பைப்பரின் என்ற மிளகுச் சேர்மம், நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடக்கூடும்.